பனிக்குடம் முன்கூட்டியே உடைவது செல்கள் சாவதாலா?

கேள்வி கேட்டவர் 29ஆம் வாரத்தில் பனிக்குடம் உடைந்து குறைமாதத்தில் பிள்ளை பெற்ற தாய். குழந்தை சில வாரங்கள் இன்குபேட்டரில் இருந்து, இப்போது வீட்டில் நலமாக இருக்கிறது. அவர் எழுதியிருப்பது இது: “பனிக்குட உறையில் செல்கள் செத்துப்போவதால்தான் அது சீக்கிரம் உடைகிறது என்று ஒரு கட்டுரையில் படித்தேன். என் செல்கள் ஏன் அப்படிச் செத்தன? ஏழாம் மாதத்தில் பஸ்ஸில் ஊருக்குப் போனதும், மாடியில் கையைத் தூக்கித் துணி உலர்த்தியதும்தான் காரணம் என்கிறார் மாமியார். அடுத்த பிள்ளைக்கு இப்படி ஆகாமல் இருக்க மாத்திரை ஏதாவது உண்டா?” பார்க்க ஒரே கேள்வி போல இருந்தாலும் இதற்குள் மூன்று இருக்கின்றன. செல் இறப்பு காரணமா, விளைவா? பழி யார்மேல்? அடுத்த முறை என்ன செய்வது? நான் நோயியல் மருத்துவர். பிரசவத்துக்குப் பின் வரும் நஞ்சுக்கொடியையும் பனிக்குட உறையையும் வெட்டிப் பார்த்து அறிக்கை எழுதுவது பல ஆண்டுகளாக என் வேலையின் பெரும்பகுதி. ஆகையால் முதல் கேள்விக்குத்தான் நீளமான பதில். பிரசவம் பார்ப்பது என் துறை அல்ல. அந்தப் பகுதியில், மகப்பேறு மருத்துவர்கள் பொதுவாக ஏற்றுக்கொண்டிருப்பதைத் தாண்டி எதையும் சொல்ல மாட்டேன்.

பழியை முதலில் தீர்த்துவிடலாம். பஸ்ஸில் போனதாலோ, கையைத் தூக்கியதாலோ, படி ஏறியதாலோ பனிக்குடம் உடைகிறது என்பதற்கு ஆதாரம் இல்லை. தூங்கிக்கொண்டிருந்தபோது உடைந்தவர்களும் ஏராளம். ஒருவரை நாள் முழுக்கப் படுக்கையில் கிடத்தினாலும் குறைப்பிரசவம் குறைவதில்லை. காலில் ரத்தம் உறையும் ஆபத்துதான் கூடுகிறது. 37 வாரம் நிறைவதற்குள் பனிக்குடம் உடைவது நூறு கர்ப்பங்களில் இரண்டு மூன்றில் நடக்கிறது. குறைப்பிரசவங்களில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு இப்படித்தான் தொடங்குகிறது. நூறில் மூன்று பேரும் துணி உலர்த்தியதால் மாட்டிக்கொண்டார்கள் என்றால், மீதி 97 பேர் வீட்டில் துணியே உலர்த்தவில்லையா?

இன்னொரு திருத்தமும் வேண்டும். “என் செல்கள்” என்று எழுதியிருக்கிறீர்கள். பனிக்குட உறையின் செல்கள் உங்களுடையவை அல்ல, குழந்தையுடையவை. கருவுற்ற முட்டையிலிருந்து குழந்தை உருவானதுபோலவே இந்த உறையும் அதே முட்டையிலிருந்துதான் உருவாகிறது. மரபணுவும் குழந்தையின் மரபணுதான். அதன் வெளிப்புறத்தில் ஒட்டிக்கொண்டிருக்கும் டெசிடுவா என்கிற மெல்லிய படலம் மட்டும் தாயின் கருப்பையைச் சேர்ந்தது. ஆக, இந்த உறை தாயும் பிள்ளையும் தொட்டுக்கொண்டிருக்கும் இடம். உடைவதற்கான காரணங்களும் இரு பக்கத்திலிருந்தும் வரலாம்.

உறை எப்படி இருக்கும் என்பதைக் கொஞ்சம் விவரமாகச் சொல்ல வேண்டும். அது புரியாமல் மீதி புரியாது. ஆய்வகத்துக்கு நஞ்சுக்கொடி வந்ததும், உறை கிழிந்த ஓரத்திலிருந்து நஞ்சுக்கொடியின் விளிம்பு வரை நீளமாக ஒரு பட்டை வெட்டுவோம். கிழிந்த முனையை உள்ளே வைத்து, பாயைச் சுருட்டுவதுபோலச் சுருட்டி, ஊசியால் குத்தி நிறுத்தி, திசு கெடாமல் பதப்படுத்தும் ஃபார்மலின் திரவத்தில் போடுவோம். மறுநாள் அந்தச் சுருளைக் குறுக்கே வெட்டிச் சாயம் ஏற்றினால், கிழிந்த இடம் முதல் கொடியின் விளிம்பு வரை முழு உறையும் ஒரே கண்ணாடித் தகட்டில் வட்ட வட்டமாகத் தெரியும். குழந்தையின் பக்கம் இருப்பது அம்னியன். அதில் ஒரே வரிசையாக, கன சதுர வடிவில் மேற்படலச் செல்கள் இருக்கும். அவற்றுக்குக் கீழே செல்லே இல்லாத ஓர் அடர்ந்த இளஞ்சிவப்புப் பட்டை. திசுவுக்கு வலுத் தரும் புரதமான கொலாஜனின் இழைகள் நெருக்கமாகப் பின்னிக் கிடப்பது அங்கேதான். அதற்கும் கீழே, இழைகளை உற்பத்தி செய்யும் நார்ச்செல்கள் இங்கொன்றும் அங்கொன்றுமாக. பிறகு ஒரு தளர்ந்த அடுக்கு. அம்னியன் தன் அண்டைப் படலத்தின்மேல் வழுக்கி நகர இடம் தருவது அது. அதற்கு வெளியே கோரியன். அதில் டிரோபோபிளாஸ்ட் செல்கள், அதாவது நஞ்சுக்கொடியிலும் இருக்கும் வகைச் செல்கள், பல வரிசையாக அடுக்கியிருக்கும். கடைசியில் தாயின் டெசிடுவா.

அம்னியன் மில்லிமீட்டரில் பத்தில் ஒரு பங்கு அளவுக்குத்தான் தடிமன். கோரியன் அதைவிடத் தடித்தது. ஆனாலும் இழுவிசையில் பெரும்பகுதியைத் தாங்குவது அம்னியன்தான், அதன் கொலாஜன் பட்டைதான். அம்னியனில் ரத்தக் குழாயும் கிடையாது, நரம்பும் கிடையாது. பனிக்குடம் உடையும்போது வலிக்காததற்கு இதுவே காரணம். ரத்தம் வராத திசு என்பதால் காயம் பட்டால் தோலைப்போல ஆறுவதும் இல்லை. கருப்பைக்குள் குழல் விட்டுச் செய்யும் கருவறை அறுவைகளில் உறையில் போடும் சிறு துளைகூடப் பல வாரங்களுக்குப் பிறகும் மூடாமல் அப்படியே இருப்பதைப் பார்த்திருக்கிறார்கள். பனிநீர்ப் பரிசோதனைக்குக் குத்தும் மெல்லிய ஊசியின் துளை பெரும்பாலும் அடைபட்டுவிடும் என்பது வேறு விஷயம்.

இப்போது செல் இறப்பு. செல்கள் திட்டமிட்டபடி, அக்கம்பக்கத்தைக் கெடுக்காமல் சுருங்கிச் சாகும் முறைக்கு அப்போப்டோசிஸ் என்று 1972இல் கெர், வைலி, கரி என்ற மூவர் பெயர் வைத்தார்கள். நுண்ணோக்கியில் அதை அடையாளம் காண்பது எளிது. செல் சுருங்கி, உடல் அடர்சிவப்பாகி, உட்கரு கறுத்துத் துண்டு துண்டாக உடைந்திருக்கும். சுற்றிலும் அழற்சி இருக்காது. கைவிரல்கள் தனித்தனியாகப் பிரிவதும், மாதவிலக்கு வருவதும் இந்த இறப்பு ஒழுங்காக நடப்பதால்தான். எனவே உறையில் செல் இறக்கிறது என்றவுடன் ஏதோ நோய் என்று பதற வேண்டியதில்லை. நிறைமாதத்தில் எந்த உறையை எடுத்துப் பார்த்தாலும் கொஞ்சம் செத்த செல்கள் இருக்கும்.

இது பிரசவத்துக்கு முன்பே திட்டமிட்டபடி தொடங்குகிறது என்பதைத் தெளிவாகக் காட்டியது 1996இல் வெளிவந்த ஓர் எலி ஆய்வு. எலியின் கர்ப்பம் சுமார் மூன்று வாரம். பிரசவ வலி தொடங்குவதற்கு முன்பே, கடைசி நாட்களில் அம்னியன் செல்கள் சாகத் தொடங்கின. அதே நேரத்தில் கொலாஜனைக் கரைக்கும் நொதிகள் தலைதூக்கின. புதிய கொலாஜன் உற்பத்தி குறைந்தது. சாவும் சிதைவும் ஒன்றாகவே நடந்தன. அந்த நொதிக் குடும்பத்துக்கு மேட்ரிக்ஸ் மெட்டலோபுரோட்டினேஸ் என்று பெயர், சுருக்கமாக எம்எம்பி. பனிக்குட விஷயத்தில் அதிகம் பேசப்படுவது எம்எம்பி–9. எலியின் உறை அமைப்பும் நம்முடையதும் ஒன்றல்ல, ஆகவே எலியில் கண்டதை அப்படியே மனிதர்மேல் ஏற்றிவிட முடியாது. ஆனால் மனித உறையிலும் இதை ஒத்தது உண்டு.

அதற்கான நல்ல சான்று, எனக்கு மிகவும் பிடித்த சான்று, கருப்பை வாய்க்கு மேலே இருக்கும் உறைப் பகுதியிலிருந்து கிடைத்தது. இங்கிலாந்தின் லெஸ்டரில் 1990களில் மாலக், பெல் ஆகியோர் அந்தப் பகுதியின் அமைப்பு மற்ற இடங்களிலிருந்து மாறுபட்டிருப்பதைக் காட்டினார்கள்: கொலாஜன் அடுக்கு குலைந்திருந்தது, டிரோபோபிளாஸ்ட் வரிசைகள் மெலிந்திருந்தன. பின்னர் அமெரிக்காவின் கிளீவ்லாந்தில் ஜான் மூர் குழுவினர், வலி வருவதற்கு முன்பே சிசேரியன் செய்துகொண்டவர்களின் உறைகளை எடுத்தார்கள். கருப்பை வாய்க்கு மேலிருந்த இடத்தைச் சாயத்தால் அடையாளம் வைத்து, உறை முழுவதையும் சிறு சிறு துண்டுகளாக்கி, ஒவ்வொன்றையும் கருவியில் வைத்து அழுத்தி, எந்த விசையில் கிழிகிறது என்று அளந்தார்கள். அடையாளம் வைத்த பகுதி மற்ற இடங்களைவிட ஏறத்தாழ பாதி விசையிலேயே கிழிந்தது. எம்எம்பி–9 அங்கே அதிகம்; செல் இறப்பின் அடையாளங்களும் அங்கேதான் அதிகம். வலியே வராத பெண்களிடம் இது தெரிந்தது என்பதுதான் இதன் மதிப்பு. பிரசவத்தின் இழுபறியால் வந்த சிதைவு என்று இதைத் தள்ளிவிட முடியாது.

ஆக, உறுதியாகச் சொல்லக்கூடியது இவ்வளவு: நிறைமாதம் நெருங்கும்போது உறை தானாகவே, குறிப்பிட்ட ஓர் இடத்தில், பலம் குறைந்துகொண்டு வருகிறது. கொலாஜன் கரைவதும் செல்கள் சாவதும் அந்த இடத்தில் சேர்ந்தே நடக்கின்றன. இது இயற்கை.

இனி உங்கள் விஷயம். 29 வாரத்தில் உடைந்த உறையிலும் இதே காட்சிதானா, வெறும் தேதிதான் தவறிவிட்டதா? முன்கூட்டி உடைந்த உறைகளில் செல் இறப்பு கூடுதல் என்று பல குழுக்கள் எழுதியிருக்கின்றன. 2000இல் ஃபார்ச்சுனாட்டோ, மேனன் குழுவினர் வெளியிட்டது அவற்றில் முக்கியமானது. முன்கூட்டி உடைந்த உறைகளையும், உடையாமலேயே குறைமாத வலி வந்தவர்களின் உறைகளையும் அவர்கள் ஒப்பிட்டார்கள். செல்லைச் சாவுக்குத் தள்ளும் பி53 போன்ற புரதங்கள் உடைந்த உறைகளில் ஓங்கியிருந்தன. உடையாதவற்றில் அப்படி இல்லை. இரு தரப்பும் குறைமாதம், இரு தரப்புக்கும் பிரசவம் நடந்திருக்கிறது, வேறுபாடு உடைந்ததா இல்லையா என்பதுதான். அதனால் இந்த ஒப்பீட்டுக்குக் கனம் உண்டு. தொற்று இருந்த உறைகளில் கோரியன் செல்கள் பெருமளவு செத்து, அந்த அடுக்கே மெலிந்து கிடப்பதை நானும் தகட்டில் அடிக்கடி பார்க்கிறேன். கோரியன் சும்மா கிடக்கும் அடுக்கு அல்ல. வலியைத் தூண்டும் புரோஸ்டாகிளாண்டினை உடைத்துச் செயலிழக்க வைக்கும் நொதி அங்கேதான் இருக்கிறது. அந்த அடுக்கு மெலிந்தால் உறையும் பலவீனம், வலிக்கும் தடை இல்லை.

இவ்வளவையும் வைத்துக்கொண்டு “செல் செத்தது, அதனால் உடைந்தது” என்று எழுதிவிடலாம்தான். நீங்கள் படித்த கட்டுரை அதைத்தான் செய்திருக்கிறது. என்னால் அப்படிக் கையெழுத்துப் போட முடியாது. ஏன் என்று சொல்கிறேன். எங்களிடம் வரும் உறை, உடைந்த பிறகு, பல மணி நேரமோ பல நாட்களோ கருப்பைக்குள் கிடந்து, அதற்குப் பின் பிரசவமும் முடிந்து வருவது. உடைந்ததும் கிருமி மேலேறும். அதனால் செல் சாகும். பிரசவ வலியே செல் இறப்பைக் கூட்டும். உறை வெளியே வந்து ஃபார்மலினில் விழும்வரை மேஜைமேல் கிடக்கும் நேரத்திலும் செல்கள் சாகும். டிஎன்ஏ துண்டாவதைச் சாயமேற்றிக் காட்டும் டனெல் என்ற முறை, ஆய்வுக் கட்டுரைகளில் மிகப் பிரபலம். அது திட்டமிட்ட சாவையும், அடிபட்ட சாவையும், தாமதமாகப் பதப்படுத்தியதால் வந்த சிதைவையும் நம்பகமாகப் பிரித்துக் காட்டாது. இதையெல்லாம் கணக்கில் எடுத்த ஆய்வுகளும் உண்டு, எடுக்காதவையும் உண்டு. படிப்பவர் பிரித்தறிய வேண்டும்.

காரண காரியம் இரண்டு திசையிலும் ஓடக்கூடும் என்பது இன்னும் பெரிய சிக்கல். செல் செத்தால் கொலாஜன் உற்பத்தி நிற்கும், சாகும் செல்கள் நொதிகளைத் தூண்டும், உறை பலமிழக்கும். இது ஒரு திசை. மறுதிசையில், நொதிகள் முதலில் கொலாஜனைக் கரைத்தால் மேற்படலச் செல்கள் பிடிமானம் இழக்கும். பிடிமானம் இழந்த செல் தானாகவே சாவை நாடும். செல் உயிரியலில் இது நன்கு நிறுவப்பட்ட நிகழ்வு. ஆய்வகத்தில் உறைத்துண்டை எடுத்து, அழற்சிப் புரதமான டிஎன்எஃபையோ, ரத்தம் உறையும்போது உருவாகும் த்ராம்பினையோ சேர்த்தால், எம்எம்பி–9 ஏறுகிறது, செல்கள் சாகின்றன, உறை பலமிழக்கிறது. மூன்றும் சேர்ந்தே வருகின்றன. எது எதை இழுத்து வந்தது என்பது அந்தப் பரிசோதனையில் தெரிவதில்லை.

வேறொரு கோணமும் கடந்த பத்துப் பன்னிரண்டு ஆண்டுகளில் பலம் பெற்றிருக்கிறது. டெக்சஸ் மாநிலத்தின் கால்வெஸ்டனில் ராம்குமார் மேனன் குழுவினர், சாவைவிட முதுமைதான் முக்கியம் என்கிறார்கள். உறையின் செல்கள் பத்து மாதத்துக்கென்று விதிக்கப்பட்டவை. நாள் செல்லச் செல்ல அவை மூப்படைகின்றன. குரோமோசோம் முனையிலிருக்கும் டெலோமியர் குறுகுகிறது, செல் பெருகுவதை நிறுத்துகிறது. ஆனால் அது சாவதில்லை. உயிரோடு இருந்துகொண்டே அழற்சிப் புரதங்களைக் கசியவிடுகிறது. அந்தக் கசிவு நொதிகளைத் தூண்டுகிறது, பிரசவத்துக்கான அறிகுறியாகவும் ஆகிறது. முன்கூட்டி உடைந்த உறைகளில் இந்த மூப்பு வயதுக்கு மீறி ஏறியிருக்கிறது என்பது அவர்கள் முடிவு. சிகரெட் புகைச் சாற்றைச் சேர்த்தால் ஆய்வகத்திலேயே உறைச் செல்களை மூப்படையச் செய்யவும் முடிந்திருக்கிறது. 2017இல் அவர்கள் இன்னொன்றையும் காட்டினார்கள்: உறையில் மேற்படலத்திலிருந்து கொலாஜனுக்குள் இறங்கும் நுண்ணிய விரிசல்கள் உண்டு, முன்கூட்டி உடைந்தவற்றில் அவை அதிகம். என் மதிப்பீட்டில், திட்டமிட்ட சாவு மட்டுமே காரணம் என்ற பழைய விளக்கத்தைவிட இது உண்மைக்கு நெருக்கம். சில செல்கள் செத்தால் உறை கிழிந்துவிடும் என்பதைவிட, உயிரோடிருக்கும் மூத்த செல்கள் நீண்ட நாள் சேதம் செய்கின்றன என்பது நான் தகட்டில் பார்ப்பதோடு பொருந்துகிறது. இது என் சாய்வு மட்டுமே. எல்லோரும் ஒப்புக்கொண்ட தீர்ப்பு அல்ல.

செல்லை அகாலமாக மூப்புக்கோ சாவுக்கோ தள்ளுவது எது என்று கேட்டால், தரை கொஞ்சம் உறுதியாகிறது. கிருமித் தொற்று முதலிடம். பிறப்புறுப்பிலிருந்து மேலேறும் கிருமிகள், குறிப்பாக யூரியாபிளாஸ்மா போன்ற சத்தமில்லாத ரகங்கள். முன்கூட்டி உடைந்தவர்களின் பனிநீரைப் பரிசோதித்த பல ஆய்வுகளில் மூன்றில் ஒன்று அளவுக்குக் கிருமி இருந்திருக்கிறது. கர்ப்பத்தின் நடுப்பகுதியில் ரத்தக்கசிவு அடுத்தது. உறைக்கும் கருப்பைக்கும் நடுவே தேங்கும் ரத்தத்தில் த்ராம்பின் உருவாகி, மேலே சொன்ன அதே வேலையைச் செய்கிறது. இரட்டைக் குழந்தை, அதிகப் பனிநீர் ஆகியவற்றால் உறை மிகையாக இழுபடுவது, கருப்பை வாயின் நீளம் குறைந்திருப்பது, புகை, தாயின் எடை மிகக் குறைவாக இருப்பது, முன்பு ஒருமுறை இப்படி நடந்திருப்பது ஆகியவையும் ஆபத்தைக் கூட்டுகின்றன. கொலாஜனே பிறவியிலேயே பலவீனமாக இருக்கும் ஏலர்ஸ்–டான்லோஸ் போன்ற நோய்களிலும் உறை சீக்கிரம் உடையும். 2006இல் ஆப்பிரிக்க அமெரிக்கர்களிடம் நடந்த ஆய்வு ஒன்று, கொலாஜன் சரியாக முறுக்கேற உதவும் புரதத்தின் மரபணுவில் ஒரு சிறு மாற்றம் இந்த ஆபத்தைக் கூட்டுவதைக் கண்டது. அந்த மாற்றத்தைச் சுமப்பது குழந்தை. உறை குழந்தையுடையது என்று முதலில் சொன்னதன் பொருள் இங்கேதான் முழுதாகத் தெரியும். உங்களுக்கு இவற்றில் எது நடந்தது என்பதை உங்கள் கோப்பைப் பார்க்காமல் நான் சொல்ல முடியாது. பார்த்தாலும் சில நேரம் எதுவும் தெரியாமல் போகும்.

மாத்திரைக்கு வருவோம். செல் இறப்பை ஆக்சிஜன் சேதம் தூண்டுகிறது, கொலாஜன் முறுக்கேற வைட்டமின் சி தேவை, ஆகவே சி கொடுத்தால் உறை பலப்படும் என்ற யோசனை காகிதத்தில் அழகாக இருந்தது. 2005இல் மெக்சிகோவில் தினமும் 100 மில்லிகிராம் கொடுத்த ஒரு சிறு ஆய்வில் பனிக்குடம் முன்கூட்டி உடைவது குறையவும் செய்தது. நம்பிக்கை பெருகியது. பிறகு 1000 மில்லிகிராம் சியுடன் வைட்டமின் ஈயையும் சேர்த்துப் பெரிய அளவில் சோதித்தார்கள். பயன் இல்லை, 2008இல் வெளிவந்த ஆய்வு ஒன்றில் பனிக்குடம் முன்கூட்டி உடைவது அதிகமாகவே இருந்தது. செல்லுக்கு நல்லது என்று சொல்லி விற்கும் டப்பாக்களைப் பார்க்கும்போது இந்த ஆய்வை நினைத்துக்கொள்ளுங்கள். நெல்லிக்காய் தாராளமாகச் சாப்பிடலாம். அதிக அளவு வைட்டமின் மாத்திரையை நீங்களாக வாங்கி விழுங்க வேண்டாம். செல் இறப்பை நேரடியாக நிறுத்தி உறையைக் காப்பாற்றும் மருந்து இன்று நடைமுறையில் எதுவும் இல்லை. எந்த உறை சீக்கிரம் உடையும் என்று ரத்தத்தில் பார்த்துச் சொல்லும் பரிசோதனையும் வழக்கத்துக்கு வரவில்லை.

கர்ப்பத்தைத் தாங்கும் ஹார்மோனான புரோஜெஸ்டிரோன் மட்டும் சிறிது வேறுபட்ட கதை. ஆய்வகத்தில் அது, டிஎன்எஃபாலும் த்ராம்பினாலும் உறைச் செல் சாவதை ஓரளவு தடுக்கிறது. மருத்துவமனையில், கருப்பை வாயின் நீளம் குறைந்தவர்களுக்குப் பிறப்புறுப்பில் வைக்கும் புரோஜெஸ்டிரோன் குறைப்பிரசவத்தைக் குறைக்கிறது என்பதும் நிறுவப்பட்டது. இரண்டையும் சேர்த்து முடிச்சுப் போட எனக்கும் ஆசைதான். ஆனால் அது செல் இறப்பைத் தடுப்பதால்தான் வேலை செய்கிறது என்று யாரும் நிறுவவில்லை. வாராவாரம் ஊசியாகப் போடப்பட்டுவந்த இன்னொரு வகைப் புரோஜெஸ்டிரோனை, பயன் உறுதிப்படாததால் அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு 2023இல் விலக்கிக்கொண்டது.

உடைந்த பிறகு செய்வதில் ஆதாரம் வலுவாக இருக்கிறது, உங்களுக்கும் அதையேதான் செய்திருப்பார்கள். 2001இல் வெளியான ஆராக்கிள் என்ற ஆய்வில் 4826 பெண்கள் பங்கேற்றார்கள். எரித்ரோமைசின் என்ற ஆன்டிபயாட்டிக் கொடுத்ததில் பிரசவம் சற்றுத் தள்ளிப்போனது. குழந்தைகளுக்கும் சில நன்மைகள் கிடைத்தன. அமாக்சிசிலினோடு கிளாவுலனிக் அமிலம் சேர்ந்த மருந்து, குழந்தையின் குடல் அழுகும் நோயைக் கூட்டியதால் அதைத் தவிர்க்கிறார்கள். நுரையீரல் முதிர்ச்சிக்குத் தாய்க்கு ஸ்டீராய்டு ஊசி போடுவது 1972இல் நியூசிலாந்தில் லிகின்ஸ், ஹவி காட்டிய வழி. இந்தியா உள்ளிட்ட ஐந்து நாடுகளில் உலக சுகாதார நிறுவனம் நடத்தி 2020இல் வெளியிட்ட ஆய்விலும் டெக்ஸாமெத்தசோன் என்ற ஸ்டீராய்டு பச்சிளங்குழந்தைகளின் இறப்பைக் குறைத்தது. 32 வாரத்துக்கு முன் பிரசவம் நெருங்கினால் குழந்தையின் மூளையைக் காக்க மெக்னீசியம் சல்ஃபேட் தருகிறார்கள். தொற்று இல்லை, குழந்தை நலம் என்றால் பிரசவத்தை அவசரப்படுத்தாமல் காத்திருப்பார்கள். காத்திருந்தாலும் ஏறக்குறைய பாதிப் பேருக்கு ஒரு வாரத்துக்குள் பிரசவமாகிவிடும். உங்களுக்கு நடந்ததும் அதுவே என்றால், யாரும் எதையும் தவறவிட்டார்கள் என்று எண்ண வேண்டியதில்லை.

அடுத்த முறைக்கு. முதல் வருகையிலேயே “29 வாரத்தில் பனிக்குடம் உடைந்தது, வலி வருவதற்கு முன்பே உடைந்தது” என்று தெளிவாகச் சொல்லுங்கள். “குறைமாதம்” என்று மட்டும் சொன்னால் பாதி விஷயம் போய்விடும். இரண்டு பிரசவங்களுக்கு நடுவே போதிய இடைவெளி இருக்கட்டும். பிரசவத்திலிருந்து அடுத்த கருவுறுதல் வரை ஒன்றரை ஆண்டாவது விடச் சொல்வது வழக்கம். 16 வாரத்திலிருந்து 24 வாரம் வரை கருப்பை வாயின் நீளத்தைப் பிறப்புறுப்பு வழி ஸ்கேனில் பார்க்கச் சொல்லிக் கேளுங்கள். 25 மில்லிமீட்டருக்குக் கீழே போனால் புரோஜெஸ்டிரோனா, கருப்பை வாய்த் தையலா என்பதை உங்கள் மருத்துவர் முடிவு செய்வார். சிறுநீர்த் தொற்று அறிகுறியில்லாமலும் இருக்கும் என்பதால் சிறுநீர் கல்ச்சர் ஒருமுறை பார்ப்பது நல்லது. வெள்ளைப்படுதலில் நாற்றமோ நிறமாற்றமோ இருந்தால் கூச்சப்படாமல் சொல்லுங்கள். வருமுன் காப்பது என்று எல்லோருக்கும் ஆன்டிபயாட்டிக் கொடுப்பதால் பயன் இல்லை, கேட்டு வாங்க வேண்டாம். வீட்டில் யாராவது புகைத்தால், மாமியாரின் அக்கறையை அந்தப் பக்கம் திருப்பிவிடலாம்.

நீர் கசிகிறதா, சிறுநீரா, வெள்ளைப்படுதலா என்ற சந்தேகம் வந்தால் வெள்ளை நாப்கின் ஒன்றை வைத்துக்கொண்டு மருத்துவமனைக்குக் கிளம்புங்கள். வீட்டில் காத்திருந்து பார்க்காதீர்கள். நாப்கினின் நிறமும் நாற்றமும் அவர்களுக்கு உதவும். அங்கே சுத்தமான கருவியால் பார்ப்பார்கள். வலி இல்லாதபோது விரலை விட்டுச் சோதிப்பதைத் தவிர்ப்பார்கள், தொற்று ஏறும் என்பதால். காய்ச்சல், நாற்றமடிக்கும் நீர், பச்சை நிறம், குழந்தையின் அசைவு குறைவது இவற்றில் எது இருந்தாலும் 108க்குச் சொல்லிவிடுங்கள்.

என் மேஜையிலிருந்து ஒரு வேண்டுகோள். அடுத்த பிரசவம் நல்லபடியாகவே நடக்கட்டும். ஆனால் மறுபடியும் குறைமாதத்தில் பிறந்தால், நஞ்சுக்கொடியையும் உறையையும் பரிசோதனைக்கு அனுப்பும்படி முன்கூட்டியே மருத்துவரிடம் சொல்லி வையுங்கள். பல இடங்களில் அது பிரசவ அறையிலேயே கழிவு வாளிக்குப் போய்விடுகிறது. வெளியே வைத்திருக்காமல் 10 சதவீத ஃபார்மலினில், உறுப்பு முழுக்க மூழ்கும்படி, சீக்கிரம் போட வேண்டும். உப்புநீரில் இரவு முழுக்கக் கிடந்து வந்த உறையில் செல்கள் எப்போது செத்தன என்று என்னால் மட்டுமல்ல, யாராலும் சொல்ல முடியாது. கூடவே வரும் சீட்டில் எத்தனையாவது வாரம், எத்தனை மணி நேரத்துக்கு முன் உடைந்தது, காய்ச்சல் இருந்ததா என்ற மூன்றையும் எழுதச் சொல்லுங்கள். முதல் பிரசவத்தின் உறையை யாராவது அனுப்பியிருந்தால், அதன் துண்டுகளைப் பதித்துவைத்த மெழுகுக் கட்டிகளை ஆய்வகங்கள் பல ஆண்டுகள் வைத்திருக்கும். அறிக்கை எண்ணோடு போய்க் கேட்டால் தேடி எடுத்துத் தருவார்கள்; வேறொரு நிபுணரிடம் காட்டி மறுபடியும் படிக்கச் சொல்லலாம்.